நாலு கிலோ குண்டும் ஒரு பூட்டிய அறையும்

உங்கள் உடம்பு உங்களுடையதுதான் என்று காட்டச் சொன்னால், எந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவீர்கள்?

பிறப்புச் சான்றிதழையா? அது ஒரு குமாஸ்தா தன் மேசையில் உட்கார்ந்து எழுதியது. "இது போதாது" என்று எதிரே இருப்பவர் அதைத் தள்ளி வைத்துவிட்டால் அடுத்து எதைக் காட்டுவீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள். இந்தக் கதையில் வரும் எட்டுப் பெண்களுக்கு யோசிக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. அவர்களை ஒரு பூட்டிய அறையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவர் கொடுமைக்காரியும் இல்லை. தராசு பிடிக்கிற கை சுத்தம் என்று ஊரே சொல்லும் ஒரு பெண்மணி.

அவர் எடை அளவு ஆய்வாளர். கடைத்தெருவில் முத்திரை அம்மா என்றால்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வயது. இடது தோளில் தொங்கும் பையில் பித்தளை எடைக்கற்கள், ஈய வில்லைகள், கம்பிச்சுருள், முத்திரை குத்தும் குறடு. சரியான தராசுக்குக் கம்பி கட்டி, ஈய வில்லையை நசுக்கி, முத்திரை வைப்பார். தவறான தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இருபத்தேழு வருடமாக இதுதான் வேலை. காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தன் எடைக்கற்களை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மூல எடையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"முதல்ல நான் ஒழுங்கா இருக்கேனான்னு பாத்துட்டுத்தான் அடுத்தவன் தராசத் தொடணும்" என்பார்.

அவருடைய கணவர் தையற்காரர். மனைவியைப் பற்றி யார் வாயைக் கிளறினாலும் அவரிடம் ஒரு புகார் தயாராக இருக்கும். "என் அளவு நாடாவையே பறிமுதல் பண்ணிட்டா சார். இழுத்து இழுத்து அரை அங்குலம் நீண்டு போச்சாம். அட, உடம்பையும் அதே நாடாலதான் அளக்கிறேன், துணியையும் அதே நாடாலதான் அளக்கிறேன், சட்டை கச்சிதமா வருதுல்ல? கேட்டா, அது நியாயம் இல்லையாம்!"

அந்த அலுவலகத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒரு கடைக்காரர் மேல் புகார் வந்தால் அவர் தராசை மட்டும் சோதிக்க மாட்டார்கள். அந்த வரிசையில் இருக்கும் எல்லாக் கடையிலும், புகார் கொடுத்தவர் கடையிலும் சேர்த்தே சோதிப்பார்கள். போட்டிக் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் மாட்டிவிடுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. இன்னொரு வழக்கம் கொஞ்சம் கசப்பானது. தவறான தராசுக்கு முத்திரை விழுந்துவிட்டால், அதை வைத்தவரே தன் கையால் அந்த முத்திரையை வெட்டி எடுக்க வேண்டும். கடைக்காரர் பார்க்க வெட்டிவிட்டு, பதிவேட்டில் சிவப்பு மையால் தன் பெயரை எழுத வேண்டும். இருபத்தேழு வருடத்தில் முத்திரை அம்மாவின் பெயர் சிவப்பு மையில் வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விளையாட்டு மைதானத்துக்குப் போவார். சம்பளம் இல்லாத வேலை. பெண்கள் குண்டு எறிதலில் இரும்புக் குண்டு நாலு கிலோ இருக்க வேண்டும். ஒரு கிராம் குறைந்தாலும் எறிந்தது செல்லாது. எட்டு வருடத்துக்கு முன் தடகளச் சங்கத்தார் விளையாட்டாக, "மேடம், எங்க குண்டையும் ஒரு தடவ நிறுத்துப் பாருங்களேன்" என்று கேட்டார்கள். நிறுத்தார். தேய்ந்து தேய்ந்து நாற்பது கிராம் குறைந்திருந்தது. அந்தக் குண்டில் படைத்த மூன்று சாதனைகள் அன்றைக்கே ரத்தாயின. கேட்டவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அன்று முதல் எந்தக் குண்டும் அவர் நிறுத்து மஞ்சள் பொட்டு வைத்த பிறகுதான் வட்டத்துக்குள் போகும்.

அங்கேதான் பொறி அவருக்குப் பழக்கமானாள்.

பொறிக்கு இருபத்தாறு வயது. இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் வெல்டர். திருநங்கை. பிறந்தபோது ஆண் என்று எழுதிவைத்தார்கள். பதினெட்டு வயதில் "நான் பெண்" என்று சொன்னாள். சொன்ன அன்றே வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. இப்போது அவளே தெருத்தெருவாகக் கதவு மாட்டுகிறாள். சங்கத்தின் விதிப் புத்தகத்தில் திருநங்கைகளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பன்னிரண்டு மாதம் இருந்திருந்தால் பெண்கள் பிரிவில் எறியலாம். மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை. பொறியின் பிளாஸ்டிக் கோப்பில் எட்டு அறிக்கைகள் இருந்தன. இரண்டு வருடக் கணக்கு. எல்லாம் எல்லைக்குக் கீழே.

"மருந்து ஆரம்பிச்ச வருஷம் ஒரு இரும்பு கேட்டத் தூக்க முடியாம கால்ல போட்டுக்கிட்டேன்க்கா" என்று ஒருநாள் சொன்னாள். "முதலாளி என் வாயை மோந்து பாத்தாரு, குடிச்சிருக்கேனோன்னு!"

"தோளப் பாத்தா அப்படித் தெரியலையே?"

"இது கேட்டுத் தூக்கி வந்த தோளுக்கா. ஊர்ல கேட்டுப் போடுறவன் எல்லாம் பதக்கம் வாங்கிட்டானா?"

மாகாணப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தகுதிச் சுற்று நடந்தது. எட்டுப் பெண்கள். முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒரு கல்லூரிக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் பெண் பதின்மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு எறிந்தாள். எல்லாரும் அவளைக் கேன்டீன் என்றே கூப்பிடுவார்கள். ஆறடி உயரம், அதிகம் பேசாதவள், மூன்று வருடமாக அவள்தான் முதலிடம். பொறி பன்னிரண்டு எண்பத்தாறு. மூன்றாவதாகப் பயிற்சியாளரின் மகள், பன்னிரண்டு எழுபத்தொன்று. நடுவில் பதினைந்து சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை.

அந்த ஒரு சாணில்தான் எல்லாம் தொடங்கியது.

பத்து நாள் கழித்து, இறுதிப் பட்டியல் ஒட்டுவதற்கு முன், சங்கச் செயலாளர் முத்திரை அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன அறை, சுவர் முழுக்கக் கோப்பைகள், தூசி. பயிற்சியாளர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு தபால் அட்டை. கையெழுத்து இல்லை. நீல மையில் ஒரே வரி: 'பெண்கள் பிரிவில் சந்தேகம் உள்ளது.'

"யார் எழுதினது?" என்று கேட்டார் முத்திரை அம்மா.

"யார் எழுதினா என்ன மேடம், சந்தேகம் சந்தேகம்தானே" என்றார் பயிற்சியாளர். "எனக்கு யார் மேலயும் விரோதம் இல்ல. என் பொண்ணு ஆறு வருஷமா விடியாத முன்ன எந்திரிச்சு எறியறா. அவ ஒரு ஆம்பளைகிட்ட தோக்கணுமா?"

"அவ பொம்பள. விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்லுது. எட்டு அறிக்கை குடுத்திருக்கா."

"ரத்தம் குறையும் மேடம். எலும்பு குறையுமா?"

இந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. மருந்துக்குப் பின்னும் எவ்வளவு பலம் மிஞ்சுகிறது, எறிதலில் எவ்வளவு, ஓட்டத்தில் எவ்வளவு என்பதெல்லாம் அறிவியல் இன்னும் அளந்து முடிக்காத சங்கதி. அளந்து முடிக்காததை 'இன்னும் தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரிந்த மட்டில் ஒரு விதி எழுத வேண்டும். புதிதாகத் தெரிந்தால் எல்லாரையும் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் மாற்ற வேண்டும். அறிவுள்ளவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் அந்த அறையில் அறிவியலைக் கேட்டு யாரும் வரவில்லை. அட்டை ஒன்று வந்திருந்தது, அவ்வளவுதான்.

முத்திரை அம்மாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவருக்குத் தன் வேலைதான் ஞாபகம் வந்தது.

"மொட்டை அட்டைய வச்சு ஒருத்திய மட்டும் சோதிக்க நான் ஒத்துக்க மாட்டேன். எங்க ஆபீஸ்ல ஒரு கடை மேல புகார் வந்தா மொத்த வரிசையையும் பாப்போம். சோதிக்கிறதுன்னா எல்லாரையும் சோதிங்க. இல்லன்னா யாரையும் தொடாதீங்க."

சொன்னபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இதைக் கேட்டதும் பின்வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தார். செயலாளர் பின்வாங்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

"நல்ல யோசனை மேடம். எல்லாரையும் பாத்துடுவோம்."

"எல்லாரையும்னா..." பயிற்சியாளரின் குரல் இறங்கியது. "என் பொண்ணையுமா?"

"எல்லாரும்னா எல்லாரும்தானே சார்" என்றபடி செயலாளர் கூட்டக் குறிப்பேட்டை முத்திரை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். 'எடை அளவு ஆய்வாளரின் ஆலோசனைப்படி, பெண்கள் அனைவரையும் சோதிப்பதென முடிவு செய்யப்பட்டது.' முத்திரை அம்மா கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது பயிற்சியாளரின் மகள் மைதானத்துக் குழாயடியில் நின்றிருந்தாள். பத்தொன்பது வயது. மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க அவங்க பக்கம்தானே?"

"நான் குண்டு பக்கம்மா."

"என் பக்கமும் நியாயம் இருக்குல்ல? பதினஞ்சு சென்டிமீட்டர். ஆறு வருஷம். நான் கேக்கக்கூட கூடாதா?"

"கேக்கலாம். நீ கேக்குறதுல தப்பே இல்ல. பேர் போட்டுக் கேட்டிருக்கணும்."

"அந்த அட்டை நான் எழுதல" என்றாள் அவள் சட்டென்று. முகத்தைப் பார்த்தால் பொய் போலத் தெரியவில்லை.

சோதனை ஒரு புதன்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு. எங்கே, என்ன சோதனை என்று எழுத்தில் எதுவும் வரவில்லை. ரத்தம் எடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பார்வையாளர் மேடைக்குக் கீழே ஒரு நீண்ட நடை; அதன் கடைசியில் ஓர் அறை. அதுவரை அங்கே பழைய வலைகளும் தடை ஓட்டக் கட்டைகளும் கிடந்தன. அன்றைக்கு அவற்றை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். சன்னலுக்கு உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கதவுக்குப் புதுப் பூட்டு. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனார். டாக்டரா, எந்த மருத்துவமனை, என்ன பெயர்? யாரும் சொல்லவில்லை. ஓர் உதவியாளப் பெண்மணி கையுறைப் பெட்டியோடு பின்னால் போனார்.

ரத்தம் எடுக்க எதற்குச் சன்னலை மறைக்க வேண்டும் என்று முத்திரை அம்மா யோசித்தார். சிமெண்டுத் தரையின் குளிர் காலணியைத் தாண்டி ஏறியது.

எட்டுப் பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, அவருடைய கடைத்தெரு வரிசை மாதிரியே.

செயலாளரிடம் போனார். "ஆண்கள் பிரிவு எப்போ?"

"ஆண்களா?" செயலாளர் சிரித்தார். "அவங்களப் பத்தி யாரும் அட்டை போடலையே மேடம்."

முதல் பெண் உள்ளே போனாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம். பன்னிரண்டு நிமிடம். வெளியே வந்தவள் சட்டையின் மேல் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டியிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அடுத்தவள் போனாள்.

பொறி முத்திரை அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அதே பிளாஸ்டிக் கோப்பு.

"எனக்கு இது புதுசு இல்லக்கா. போலீஸ் ஸ்டேஷன்ல பாத்திருக்காங்க, ஆஸ்பத்திரில பாத்திருக்காங்க, ரூம் வாடகைக்குக் கேட்டா வீட்டுக்காரன் பாக்குறான். என் ஒருத்தியோட போயிருக்கும். நீங்க நல்ல எண்ணத்துல எட்டுப் பேருக்கும் கதவத் தொறந்து விட்டுட்டீங்க."

முத்திரை அம்மாவின் மனம் அலுவலகத்தின் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. வரிசை முழுவதையும் சோதிப்பது நியாயம், ஏனென்றால் எந்தத் தராசையும் ஒப்பிட ஒரு மூல எடை இருக்கிறது. எல்லாரும் ஏற்றுக்கொண்டது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இந்தச் சன்னல் மறைத்த அறைக்குள் மூல எடை எது? எந்தப் பெண்ணை வைத்து எந்தப் பெண்ணை நிறுக்கிறார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இருபத்தேழு வருடம் பிசகாத கை.

நான்காவதாகப் பயிற்சியாளரின் மகள். வெளியே வந்ததும் அப்பா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவரைத் தாண்டி நடந்தாள், மைதானத்தைத் தாண்டி, பேருந்து நிறுத்தம்வரை, திரும்பியே பார்க்காமல். அவர் கையில் பாட்டில் அப்படியே இருந்தது.

கடைசியாகக் கேன்டீன். குனிந்துதான் அந்த வாசலில் நுழைய முடிந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. வெள்ளைக் கோட்டுக்காரர் பாதியில் வெளியே வந்து செயலாளரை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ சொன்னார். இருவரும் திரும்பி, மூடிய கதவைப் பார்த்தார்கள். மறுபடி உள்ளே போனார். முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்த கேன்டீன், முத்திரை அம்மா முன் நின்று, "மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் பயிற்சியாளரின் மகள். இரண்டாவது, தகுதிச் சுற்றில் நான்காவதாக வந்தவள். பொறியின் பெயருக்கு நேரே 'பரிசீலனையில்'. கேன்டீனுக்கு நேரே அதுவும் இல்லை. அவள் பெயரே இல்லை. மூன்று வருடம் முதலிடத்தில் இருந்தவள் அந்தத் தாளில் பிறக்கவே இல்லாத மாதிரி.

முத்திரை அம்மா கல்லூரிக் கேன்டீனுக்குப் போனார். தொட்டியடியில் வேறொரு பெண் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளா? யாரோ போன் பண்ணாங்க. அரை மணி நேரம் அப்படியே நின்னா, குழாயக்கூட மூடல. மறுநாள் வரல" என்றாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் மேடம், வெளிய ஒரு மாதிரி பேசிக்கிறாங்களே, நெசமா? அவகூட ஒரே ரூம்லதான் நாங்க மூணு பேரு படுத்திருந்தோம்" என்றாள்.

ஆக, முடிவு அவளுக்கு எழுத்தில் வரவில்லை. ஊருக்கு மட்டும் வாய்வழியாக வந்துவிட்டது. அவள் உடம்பில் என்ன இருந்தது, எதுவும் இருந்ததா? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. தொட்டிக்குக் கீழே அவளுடைய எறியும் காலணி ஒரு ஜோடி இருந்தது, ஈரத்தில்.

அங்கிருந்து நேரே செயலாளர் அறைக்கு.

"பொறியோட எட்டு அறிக்கை விதிப்படி சரியா, இல்லையா? கேன்டீனை எந்த விதில எடுத்தீங்க? எழுதிக் குடுங்க."

செயலாளர் குறிப்பேட்டைத் திறந்து அவருடைய கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "உங்க முத்திரைதான் மேடம் இது."

"அப்ப நானே வெட்டுறேன்."

தன் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரிக்குக் கீழேயே எழுதினார்: 'மூல அளவு எது என்று கேட்காமல் நான் தந்த ஆலோசனை தவறு. திரும்பப் பெறுகிறேன்.' பெயர், தேதி. பிறகு இனிமேல் குண்டுகளுக்குப் பொட்டு வைக்க வரமாட்டேன் என்றார்.

"வராட்டி என்ன? தராசு பிடிக்க வேற ஆளா கிடைக்காது?" செயலாளருக்குச் சிரிப்பு குறையவே இல்லை. "நீங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க மேடம். சந்தேகம் யார் மேல வேணாலும் வரலாம்."

வந்தது. அடுத்த வாரம் எடை அளவு அலுவலகத்துக்கு ஒரு தபால் அட்டை. கையெழுத்து இல்லை. நீல மை. 'உங்கள் பெண் ஆய்வாளர்மேல் சந்தேகம் உள்ளது.' எதைப் பற்றிய சந்தேகம் என்று எழுதவில்லை. அதை எழுதாமல் விடுவதில்தான் அதன் பலமே. மேலதிகாரி அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார், கிழித்துப் போடவில்லை. அன்றிலிருந்து முத்திரை அம்மா உள்ளே நுழைந்தால் பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு தொடர்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முத்திரை அம்மா வீட்டு வாசலில் யாரோ நின்றார்கள். பயிற்சியாளரின் மகள். நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அந்த அறையில் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், என்ன கழற்றச் சொன்னார்கள். கடைசியில் முழுப் பெயரும் கையெழுத்தும்.

உள்ளே பொறி தன் மேல்முறையீட்டு மனுவை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்ககூட எறியறது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல" என்றாள் அந்தப் பெண். "ஆனா இப்படி இல்ல."

"எனக்கும் அது தெரியணும்தான்" என்றாள் பொறி. "தெரிஞ்சவங்க வந்து, வெளிச்சத்துல வச்சுச் சொல்லட்டும். உக்காரு."

பொறியின் மேல்முறையீடு இந்த மாதக் கடைசி புதன்கிழமை விசாரணைக்கு வருகிறது. மாகாணப் போட்டி அதற்கு மூன்று நாள் முன்பே முடிந்துவிடும். இந்த வருடத்து இடம் போய்விட்டது. அடுத்த வருடமாவது கிடைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி. கேன்டீன் பெண்ணுக்கு முத்திரை அம்மா எழுதிய இரண்டு கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது இன்னும் திரும்பி வரவில்லை. அது ஒன்றுதான் நம்பிக்கை. புதுப் பூட்டு அந்தக் கதவில் அப்படியே தொங்குகிறது. அடுத்த மாதம் பள்ளி மாணவிகள் போட்டி. சன்னலில் ஒட்டிய செய்தித்தாளை இன்னும் கிழிக்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் மகளோ தங்கையோ ஓடுகிற, எறிகிற, தாண்டுகிற மைதானம் ஒன்று இருக்கும். நாளைக்கே அங்கே போங்கள். திருநங்கைகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் இங்கே என்ன விதி, அதை யார் எழுதியது, எந்த ஆய்வைப் பார்த்து எழுதியது என்று கேளுங்கள். சோதனை என்றால் என்ன சோதனை, யார் செய்வார்கள், முடிவு யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். கிளம்பும்போது, பார்வையாளர் மேடைக்குக் கீழே பூட்டிய அறை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.